சொர்ணாத்தாள் விட்ட தண்ணீர்

மாசி 4, ஞாயிறு

நேற்றுக் காலை சொர்ணாத்தாள் அக்கா இறந்துவிட்டாள். என் வீட்டுக்காரரின் அண்ணன் சம்சாரம். வயது அறுபத்தொன்று. களத்தில் கொள்ளுக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே குந்தினாள். பிறகு எழவில்லை.

சனிக்கிழமைச் சாவு என்பதால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிவிட்டார்கள். வாய்க்கால் பாலம் திரும்பும் வரைக்கும் அதன் கத்தல் கேட்டது. அக்கா உயிரோடிருந்தால் அந்தக் குஞ்சை வைத்தே நாலு அடி கும்மிப் பாட்டுக் கட்டியிருப்பாள்.

செலவானவை: காப்பித்தூள் ஒரு கிலோ, சர்க்கரை நாலு கிலோ, பால் பதினெட்டு லிட்டர். வந்தவர்கள் இருநூறுக்குக் குறையாது. உண்மையாக அழுதவர்கள் ஏழு பேர். எண்ணினேன். அந்த ஏழில் நான் இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. மேல்வீட்டுக்காரி ஒப்பாரியில், "வாயதிர்ந்து பேசாத மகராசி" என்று இழுத்தாள். போன வருசம் இவள் வீட்டு எருமை சோளக்காட்டில் இறங்கியபோது அக்கா பேசிய பேச்சில் எருமையே தலையைக் குனிந்துகொண்டது. செத்த மறுநிமிசமே அக்காவை வேறு யாரோ ஆக்கிவிட்டார்கள்.

பதினாறு நாள் தீட்டு. சாமி விளக்கு ஏற்றக்கூடாது. முப்பத்தெட்டு வருசமாக ஒரு பொழுதும் விடாத விளக்கு. அந்த நேரத்துக்குக் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. ஆகவே எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. மளிகைப் பொட்டலம் கட்டி வந்த பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்தவள். தப்பு இருந்தால் இருக்கட்டும்.

மாசி 5, திங்கள்

காலை ஆறு மணிக்கு வீராயி வந்து களத்தோரம் நின்றாள். காலனிக்காரி. ஐம்பது வயதிருக்கும். அக்காவின் காட்டில் வேலை செய்கிறவள்.

"ஏனுங்கம்மா, வால்வு யாரு தெறக்கறதுங்க?"

நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் சென்னியப்பன் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "எழவு விழுந்து மூணு நாளாகல. வந்து கேக்கற நேரமா இது?"

"இல்லீங்க, புள்ளைங்க பள்ளிக்கொடம் போவோணும். தொட்டி காலியா இருக்குதுங்க."

"பதினாறு முடியட்டும். பொறவு பாத்துக்கலாம்."

பொறவு என்றால் என்ன என்று வீராயிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு நாள் எங்கள் முறை, ஒரு நாள் அக்கா முறை. பதினாறு வருசத்துக்கு முந்தி, மழையே இல்லாத வருசம், காலனிப் பெண்கள் குடத்தோடு இரண்டு மைல் நடந்தார்கள். அப்போது அக்கா தன் முறையிலிருந்து ஒரு பைப்பைக் கீழே இறக்கி, காலனி முக்கில் ஒரு தொட்டிக்கு விட்டாள். எங்கள் முறை நாளிலும் முதல் ஒரு மணி நேரம் தொட்டிக்குத்தான். அதற்கு ஈடாகத் தன் நாளில் எங்களுக்கு இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுத்தாள். எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுத்தான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பதினாறாம் நாள் கருமாதியில் வாரிசின் தலையில் உருமால் துணி கட்டுவார்கள். கட்டினதும் அவர் சபையில் நின்று, செத்தவர் செய்துவந்த தர்மத்தில் எதெது தொடரும் என்று சொல்லவேண்டும். சொன்னதை யாரும் மாற்றமுடியாது. மாமனார் போனபோது, கோயில் பொங்கலுக்கு நீர்மோர்ப் பந்தல் தொடரும் என்று இவர் சொன்னார். இருபத்திரண்டு வருசமாக இவர் முனகிக்கொண்டே ஊற்றுகிறார். நிறுத்தத் துணிவில்லை. அதேபோல் சபையில் சொல்லாமல் விட்டது அன்றோடு முடிந்தது.

அக்காவுக்கு ஒரே மகள் மேகலா. கரூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஆண்பிள்ளை இல்லை. ஆகவே உருமால் இவருக்குத்தான்.

இவருக்கு முருங்கை மூன்று ஏக்கர் போட ஆசை. சொட்டுநீர்க் குழாய்கூட வந்து இறங்கிவிட்டது. சாவுக்கு முந்தின வாரமே.

இன்றைக்கு மேகலா போய் வால்வைத் திறந்தாள்.

மாசி 7, புதன்

கருமாதிக்கு ஒரு நினைவுத் தாள் அச்சடிக்கவேண்டுமாம். படம் மேலே, வாழ்க்கைக் குறிப்பு கீழே. சபையில் இவர் படிப்பார், எல்லார் கையிலும் கொடுப்பார்கள். "உங்கையெழுத்துத்தான் மணிமணியா இருக்கும், நீ எழுது" என்றார். பாக்கு மெல்லுகிற சந்தோசத்தில் அவரே சொல்லவும் ஆரம்பித்தார்.

"எழுதிக்கோ. கணவர் சொல் தட்டாதவர்."

"மச்சாண்டார் போயி இருவத்தேழு வருசமாச்சுங்க. சொல்ல ஆளு ஏது, தட்டறதுக்கு?"

"எழுது புள்ள. அடக்கமானவர். சமையல்ல வல்லவர்."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அடக்கமாம். ஐம்பத்திரண்டு வயதில் மொபெட் ஓட்டப் பழகி, முழங்காலுக்கு நடுவில் வெள்ளாட்டுக் குட்டியை இடுக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவள். சமையலாம். அவள் கிண்டிய களியை நாய்கூட இரண்டு தரம் மோந்துவிட்டுத்தான் தின்னும். அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுப் பாட்டுக் கட்டப் போய்விடுவாள். கருகின வாசம் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் ஓடிப்போய் இறக்கினது எத்தனை தரம் என்று கணக்கே இல்லை.

எழுதினேன். அவர் சொன்னதை எழுதினேன். பிறகு என் பங்குக்கு எழுத ஆரம்பித்தேன்.

மாசி 8, வியாழன்

கொள்ளு நாலு மூட்டை கட்டி உள்ளே வைத்தாயிற்று. அக்கா விட்டுவிட்டுப் போன வேலை.

தாளில் எதை எழுதுவது? அக்காவுக்கு முப்பத்து நாலு வயதிருக்கும்போது மச்சாண்டார் மோட்டார் ரூமில் கரண்ட் அடித்துப் போனார். பத்தாம் நாள் அதே ரூமுக்குள் அக்கா போய்ச் சுவிட்சைப் போட்டாள். நான் வாசலில் நின்று கத்தினேன். "பயந்தா பயிர் காயும் ருக்கு" என்றாள். அன்றைக்கு வாய்க்கால் திருப்பின கை, செத்த அன்றைக்குத்தான் மண்வெட்டியை விட்டது.

சோளம் கதிர் வாங்கும்போது அவள் காட்டுக்கு ஊரே வேடிக்கை பார்க்க வரும். குருவி விரட்டச் சட்டியும் வைக்கோலும் வைத்து எல்லாரும் பொம்மை செய்வார்கள். அக்கா செய்தால் அது யார் என்று தெரியும். ஒரு வருசம் ரேசன் கடைக்காரர், எடை போடும் கை மட்டும் கொஞ்சம் சாய்ந்து. ஒரு வருசம் ஊர்த் தலைவர், கரைவேட்டியோடு, முதுகைக் காட்டிக்கொண்டு. இன்னொரு வருசம் தலையில் துண்டும் இடுப்பில் கையுமாக என் வீட்டுக்காரர். இவர் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப்போட்டார். மறுநாள் அக்கா, "குருவிகூட இவ்வளவு ரோசப்படாது கொழுந்தனாரே" என்றாள்.

தொட்டியும் அப்படித்தான். தொட்டி கட்ட யாரும் உதவவில்லை. கிணற்றுக்கு இறக்கி மிச்சமான சிமெண்ட் உறை ஒன்று கிடந்தது. அதை டிராக்டரில் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தி, அடியை மட்டும் பூசினாள். நிறைந்தால் தண்ணீர் தானாக நிற்க, ஒரு எண்ணெய் டப்பாவையும் தேய்ந்த ரப்பர் செருப்பையும் வைத்து என்னமோ செய்தாள். பைப்புப் புதைக்கக் காலனி ஆண்கள் குழி வெட்டினார்கள். அக்காவும் முழங்கால் வரை சேலையைச் செருகிக்கொண்டு வெட்டினாள். ஊர் சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம். நினைவில்லை.

மாசி 9, வெள்ளி

விளக்கில்லாத வெள்ளிக்கிழமை. சாமி அறைக் கதவைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கும்மியைப் பற்றி எழுதவேண்டும். பௌர்ணமி சாயங்காலம் கோயில் திடலில் அக்கா பாடம் சொல்லுவாள். பாட்டெல்லாம் அவள் கட்டினது. முதலில் எங்கள் தெருப் பெண்கள் மட்டும் சுற்றினோம். காலனிப் பெண்கள் நாலு பேர் வேப்பமரத்தடியில் நின்று கை மட்டும் தட்டுவார்கள். கிட்டே வா என்று அவர்களைக் கூப்பிட்டால் ஊர் கேட்கும், வராதே என்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பாடிக்கொண்டே வட்டத்தை நகர்த்தினாள். ஒரு சுற்றுக்கு ஒரு சாண். எங்களுக்கே தெரியவில்லை. எட்டாவது பாட்டு முடியும்போது அந்த நாலு பேரும் வட்டத்துக்குள் நின்றார்கள். அவர்கள் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. யாரைத் திட்டுவது?

அன்றைக்குப் பாடினது:

கெணத்து மேட்டு வேப்பமரம் காத்தடிக்குது பாரு – நம்ம
கீழத்தெரு அக்காளுக்கும் சேர்த்தடிக்குது பாரு

நான் அடுத்த பௌர்ணமியிலிருந்து கும்மிக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

மாசி 11, ஞாயிறு

எழுதினதை இவரிடம் கொடுத்தேன். முழுதும் படித்தார். மேகலாவின் மகன் வைத்திருந்த சிவப்புப் பேனாவை வாங்கி அடிக்க ஆரம்பித்தார். மோட்டார் ரூம் போயிற்று. பொம்மை போயிற்று. கும்மி போயிற்று. கடைசி வரியின்மேல் பேனாவை மூன்று தரம் இழுத்தார். அந்த வரி இது:

"பதினாறு வருசமாகக் காலனித் தொட்டிக்கு இவர் விட்டுவந்த தண்ணீர், இந்த வீட்டுக் கிணறு இருக்கும்வரை ஓடும்."

"இதைய யாரு உன்னைய எழுதச் சொன்னது?"

"நடந்ததத்தான எழுதியிருக்கறேன்."

"நடந்தது வேற. ஓடும்னு எழுதியிருக்கறியே, அது சபையில நான் சொல்றது. நான் எங்க சொன்னேன்?"

"சொல்லுங்க."

"முருங்கைக்கு எவன் தண்ணி விடுவான்? உங்கொக்காளா வந்து விடுவா?"

"மத்ததெல்லாம் அடிங்க. அந்த ஒரு வரிய விடுங்க. ஒரு மணி நேரத் தண்ணிதான?"

"ஒரு மணி நேரம்னு சொல்லிச் சொல்லித்தான் அவ ஊரையே கெடுத்தா. உனக்கு எப்பிருந்து காலனி மேல இவ்வளவு பாசம்?"

பருப்பு வேகிறது என்று உள்ளே போனேன். பருப்பு அடுப்பில் ஏறவே இல்லை.

மாசி 12, திங்கள்

மேகலாவிடம் பேசினேன். "உங்கம்மா செஞ்சது. நீ சொன்னா உங்க சித்தப்பா கேப்பாரு."

"எனக்கு எதுக்குங்க சின்னம்மா வம்பு? நெலத்தை அவருதான் பாத்துக்கப் போறாரு. நான் கரூர்ல இருந்துட்டு இங்க சண்டை போட முடியுமா?" என்றவள், கொஞ்சம் கழித்து என் முகத்தைப் பார்த்தாள். "ஏழு வருசமா அம்மாகிட்ட பேசாத நீங்க, இப்ப எதுக்கு இப்படித் துடிக்கறீங்க?"

அக்காதான் பேசுவதை நிறுத்தினாள் என்று சொன்னேன். மாரியம்மன் நோன்பில் கிணற்றுப்படி கழுவின விசயத்தில் மனஸ்தாபம்.

"யாரு கழுவுனது?"

"யாரோ கழுவுனாங்க. நோன்புன்னா கழுவறதுதான?"

மேகலா எழுந்து போய்த் துணி மடித்தாள். அவள் தாயைப் போலவே முதுகால் பேசுகிறாள்.

மாசி 13, செவ்வாய்

தலைவலி. ஒன்றும் எழுதவில்லை.

மாசி 15, வியாழன்

காங்கேயம் போய் அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இவருக்குப் பந்தல்காரன், பாத்திரக்காரன் என்று அலைச்சல். "சிவப்புல அடிச்சதையெல்லாம் உட்டுட்டுப் போடச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார்.

பிரஸ்காரர் சின்ன வயதுக்காரர். கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தவர் கடைசியில் நிறுத்தினார்.

"இந்தக் கடைசி வரி அடிச்சிருக்குதுங்களே. போடறதுங்களா, உடறதுங்களா?"

மேலே மின்விசிறி சுற்றியது. அக்காவின் படம் கம்ப்யூட்டரில் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மேகலா கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டியெடுத்துவிட்டார்கள். என் தோள் மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

"போடுங்க" என்றேன்.

"மேல அடிச்சிருக்கறதுங்க?"

"அது வேண்டாம். இது மட்டும்."

"கீழ இன்னும் நாலு வரிக்கு எடம் இருக்குதுங்க. வேற ஏதாச்சும் போடறதா இருந்தா போடலாம்."

போட ஒன்று இருந்தது. பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் எழுதிப் பார்த்திருந்தேன். "எடம் பத்தாது, உட்டுருங்க" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு அங்கே ஒரு பூ வைத்தார்.

தாள் இருநூற்றைம்பது. கட்டைப் பிரிக்காமல் கொண்டுவந்து சாமி அறைக்குள் வைத்தேன். தீட்டு வீட்டில் அந்த அறைக்குள் யாரும் போகமாட்டார்கள். நானும் போகக்கூடாதுதான். போனேன்.

மாசி 16, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு?

ஏழு வருசத்துக்கு முந்தி நோன்பு. கோயில் முன்னால் நட்ட கம்பத்துக்கு ஊற்றத் தீர்த்தம் எடுப்பது எங்கள் கிணற்றில். அது எங்கள் குடும்பத்துக்கு உள்ள உரிமை. பதினைந்து நாள் ஒருபொழுது இருந்து, தலைக்கு ஊற்றி, ஈரச்சேலையோடு குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றுப்படியில் வீராயி நின்றாள். அக்காவுக்குக் காய்ச்சல். வால்வைத் திறந்துவிடச் சொல்லி அனுப்பியிருந்தாள். வால்வு படிக்குப் பக்கத்தில் இருக்கிறது, வேறு வழியில்லை. திறந்துவிட்டு, "வாறனுங்கம்மா" என்று போனாள்.

நான் திரும்பிப்போய்ச் சாணியும் மஞ்சளும் கரைத்துக்கொண்டு வந்து படியைக் கழுவினேன். ஐந்து படி. ஒவ்வொன்றாக. அவள் கால் படாத படியையும் சேர்த்து.

சும்மாட்டுத் துணியை விட்டுவிட்டுப் போனவள் எடுக்கத் திரும்பி வந்தாள். நின்று பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கையை நிறுத்தவில்லை. மூன்று படி பாக்கி இருந்தது. நிறுத்தியிருக்கலாம். முடித்தேன்.

அக்கா காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "மாரியாத்தாளுக்கும் அந்தத் தொட்டிக்கும் ஒரே ஊத்துத் தண்ணிதான் ருக்கு" என்று மட்டும் சொன்னாள். அடுத்த பௌர்ணமிக்குத் திடலில் ஒரு பாட்டுக் கேட்டது. எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டது.

வெள்ளிதோறும் வெள்ளிதோறும் வெளக்குப்போடும் ருக்கு – அவ
வீட்டுவாசல் தாண்டிவந்தா சாமிக்கென்ன சிக்கு?

நாற்பது பெண்கள் சிரித்துக்கொண்டே சுற்றினார்கள். மறுநாள் அக்கா மதில் பக்கம் வந்து, "ருக்கு, கோவமா? வா, உன்னையப் பத்தி நல்லதா ஒண்ணு கட்டறேன்" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன். பேசுவதை நிறுத்தினது நான். அக்கா ஒரு வருசம் தினமும் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

எனக்கு அவள்மேல் இன்னும் கோபம்தான். கொள்ளைக் காயப்போட்டுவிட்டுப் போய்விட்டாள். இன்னொரு தரம் கூப்பிட்டிருக்கலாம் அல்லவா? எட்டாவது வருசத்தில் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று அவளுக்கு யார் சொன்னது?

மாசி 17, சனி

அரிசி ஒன்றரை மூட்டை. தேங்காய் நூற்றெண்பது. வாழையிலை முந்நூறு. நாளைக்கு எதுவும் குறையக்கூடாது.

தாள் கட்டை இவர் கேட்டார். "காலைல தர்றேன். இப்பப் பிரிச்சா அழுக்காயிரும்" என்றேன்.

மாசி 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு உருமால் கட்டு. வெள்ளகோவிலிலிருந்து அக்காவின் தம்பி தங்கமுத்து வந்திருந்தார். லாரி ஓட்டுகிறவர், கனத்த குரல். பிறந்த வீட்டுக் கோடித்துணி கொண்டுவருகிறவர் அவர்தான். அவரும் அவர் ஆட்களும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நாங்கள் பெண்கள் வாசல்படியில் நின்றோம். பந்தலுக்கு வெளியே தென்னைமரத்தடியில் காலனி ஆட்கள் இருபது பேர். வீராயியும் நின்றாள்.

இவர் உருமாலோடு எழுந்து கண்ணாடியைப் போட்டார். அந்த நேரத்தில்தான் மேகலாவிடம் கொடுத்துத் தாளை எல்லார் கைக்கும் அனுப்பினேன். கடைசியாக இவர் கைக்கு. கட்டை விடியற்காலையில் பிரித்துவைத்தது அவள்தான். அந்த வரியைப் பார்த்தாள். தாள்களை அப்படியே அடுக்கிவைத்தாள்.

படித்தார். கணவர் சொல் தட்டாதவர். அடக்கமானவர். சமையலில் வல்லவர். குரல் நன்றாக ஏறி வந்தது. அப்புறம் நின்றது. பின்பக்கமிருந்து பார்த்தேன், காது இரண்டும் சிவந்துவிட்டது. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அவ்வளவுதானுங்க. எல்லாரும் பந்திக்கு எந்திரிங்க."

"இருங்க மாப்ளே" என்றார் தங்கமுத்து. எழுந்திருக்கவில்லை. "கடேசி வரிய உட்டுட்டீங்க."

"அதுங்களா, அச்சுல ஏதோ தப்பா வந்துருச்சுங்க மச்சான்."

"எழுத்தெல்லாம் நல்லாத்தான இருக்குது? நான் வேணாப் படிக்கட்டுங்களா?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், சரக்குச் சீட்டுப் படிப்பதுபோல் உரக்கப் படித்தார். தொட்டி, தண்ணீர், கிணறு இருக்கும்வரை. தென்னைமரத்தடியில் பேச்சு நின்றுபோனது. "இதுல என்னங்க தப்பு? காலா, கொம்பா?"

"பொம்பளை எழுதுனதுங்க அது. விவரமில்லாம எழுதிப்போட்டா."

"அப்ப அடக்கமானவர்னு படிச்சீங்களே, அது யாரு எழுதுனது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"எங்கக்கா அடக்கம்னு நீங்க படிக்கறப்ப, கூடப் பொறந்த நானே பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். சமையல்ல வல்லவர்னப்ப எந்தம்பி இருமிட்டு வெளிய போயிட்டான். அத்தனை பொய்யக் கேட்டமல்லங்க? ஒரு நெசத்தையும் கேட்டுட்டுச் சாப்பிடறோம். சொல்லுங்க மாப்ளே, ஓடுமா, நிக்குமா?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருசத்தில் அப்படிப் பார்த்ததில்லை. நான் தலையைக் குனியவில்லை. கும்பிடவும் இல்லை. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஓடட்டும்" என்றார்.

"சபைக்குக் கேக்கலீங்க."

"ஓடட்டுமுங்க!"

தங்கமுத்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "இப்பப் பந்திக்குப் போலாம். யாரு சமையலு? எங்கக்கா இல்லீல்ல?"

சாப்பிட்டவர்கள் முந்நூற்றுப் பதினொன்று. இலை பற்றாமல் காட்டிலிருந்து அறுத்துவந்தோம். காலனி ஆட்களுக்குக் கடைசிப் பந்தி, களத்தில். அதை என்னால் மாற்ற முடியவில்லை. மாற்றப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடிந்தது. வீராயி சாப்பிடாமலே போய்விட்டாள்.

மாசி 19, திங்கள்

வீட்டைக் கழுவி, தலைக்கு ஊற்றி, விளக்கேற்றினேன். திரி நன்றாக எரிந்தது. மனசு எரிந்ததைவிடக் கம்மி.

இவர் பேசினார். இரண்டே வாக்கியம். "எம்பட மானத்த வாங்கிட்டே. இனி உங்கையால தண்ணி குடிக்க மாட்டேன்."

"உங்க மானம் ஒரு மணி நேரத் தண்ணியோட போயிருமுங்களா?" என்றேன். தட்டைத் தானே எடுத்துப்போய்ப் போட்டுச் சாப்பிட்டார். குழம்புக் கரண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டம்ளரால் ஊற்றிக்கொண்டார். தேடட்டும். நான் சொல்லமாட்டேன்.

மேகலா கரூர் போனாள். போகும்போது என் கையை ஒரு தரம் அழுத்தினாள்.

ஆறு மணிக்கு வால்வு திறந்தேன். இனி என் வேலை.

மாசி 24, சனி

ஐந்து நாளாக ஆறுக்குத் திறந்து ஏழுக்கு மூடுகிறேன். இன்றைக்கு வீராயி வந்தாள்.

"நீங்க தெறக்கறீங்க. தண்ணி வர்றதில்லீங்க."

"ஒரு மணி நேரம் முழுசா உடறனே?"

"பைப்பு வாயில அந்த ரப்பரு ஒட்டிக்கும். வாரத்துக்கொருக்கா அந்தம்மா வந்து எடுத்துக் கழுவி மாட்டுவாங்க. அவங்க மாட்டற மாதிரி எங்களுக்கு வர்றதில்ல. வந்து பாருங்க."

வந்து பாருங்க என்றால் காலனிக்கு. கிணற்றிலிருந்து நானூற்றிருபது அடி எடுத்து வைத்தேன். எண்ணிக்கொண்டே போனேன். முப்பத்தெட்டு வருசத்தில் அந்தப் பக்கம் ஒரு தரமும் நடந்ததில்லை. வாசல்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி மெல்ல எதையோ முணுமுணுத்தாள். அந்த ருக்குப் பாட்டுத்தான் என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

தொட்டிமேல் ஏறி, எண்ணெய் டப்பாவைத் தூக்கி, செருப்புத் துண்டைக் கழற்றினேன். அக்காவின் செருப்பு. குதிகால் தேய்ந்த இடம் அப்படியே இருக்கிறது. கழுவித் திருப்பி மாட்டுவதற்குள் மூன்று தரம் தப்பாகப் போட்டேன். என்னால் முடியவில்லை. அக்காவை வாய்விட்டுத் திட்டினேன். செய்தாளே, எப்படிச் செய்தது என்று ஒருத்திக்காவது சொல்லிக்கொடுத்தாளா? எனக்குச் சொல்லியிருப்பாள். நான்தான் பேசவில்லையே.

வீராயி சிரிக்கவில்லை. "ஓட்டை மேல் பக்கம் வரோணுமுங்க" என்றாள். திருப்பினேன். தண்ணீர் வந்தது.

இறங்கினதும் அவள் கேட்டாள். "அந்தப் பேப்பர் எம்மகன் படிச்சுக் காட்டுனானுங்க. படி கழுவுனது அதுல இல்லீங்களே?"

"இல்ல."

"எடம் இல்லீங்களா?"

பிரஸ்காரர் வைத்த பூ கண்ணுக்குள் வந்தது. "இருந்துச்சு" என்றேன்.

"ம்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அதையும் அவள் தலையில் வைத்ததுபோல் ஆகியிருக்கும்.

வீட்டுக்குள் போய் ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துவந்தாள். தொட்டியில் முக்கி, வழிய வழிய நீட்டினாள். வாசல்களில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"வெயில்ல ஏறி எறங்கினீங்க. உங்க கெணத்துத் தண்ணிதானுங்க" என்றாள்.

குடித்தேன்.

உடனே குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று இந்த நோட்டில் எழுதமாட்டேன். வீராயிக்குத் தெரியும்.